பிடிக்காத சோறு... பிள்ளைகளுக்குப் பிடிக்கும்!

டிபன் பாக்ஸுக்கு ஜப்பானிய ‘ஒனிகிராஸு’... நம்ம புதுக்கோட்டை அடுப்படி ஸ்டைலில்!

காலை ஆறே முக்கால். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிற எந்தப் புதுக்கோட்டை வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது.

“இன்னைக்கும் லெமன் சாதமாம்மா?”

“நேத்து தக்காளி, இன்னைக்கு லெமன், நாளைக்குப் புளி. வேற என்னடா செய்யச் சொல்ற?”

“சாண்ட்விச்!”

“ரெண்டு பிரெட்டைத் தின்னுட்டுப் போனா பத்து மணிக்கே பசிக்கும். சோறுதான் தாங்கும்.”

ஓரமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் அப்பத்தா நடுவில் புகுந்து, “அப்போ சோத்துலயே அந்த சாண்டுவிச்சைப் பண்ணிக் குடுத்துடு” என்பார்.

அப்பத்தா கிண்டலுக்குச் சொல்வதை ஜப்பானியர்கள் நிஜமாகவே செய்துவிட்டார்கள். அதன் பெயர் ‘ஒனிகிராஸு’. பிரெட்டுக்குப் பதில் சோறு. நடுவில் முட்டையோ, மீனோ, காய்கறியோ. சுற்றிலும் கடற்பாசித் தாள். குறுக்கே வெட்டினால் வெள்ளைச் சோற்றுக்கு நடுவே கலர் கலராக அடுக்கு தெரியும். ஸ்பூன் வேண்டாம்; கையில் எடுத்துக் கடிக்கலாம். பாதிச் சோறோடு வீடு திரும்பும் டிபன் பாக்ஸைப் பார்த்து மனம் வெதும்பும் அம்மாக்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்க்க வேண்டிய ஐட்டம் இது.

‘பிடி’யில் இருந்து வந்த பெயர்

ஜப்பானில் சோற்று உருண்டைக்கு ‘ஒனிகிரி’ என்று பெயர். ‘நிகிரு’ என்றால் கையால் பிடிப்பது, அமுக்குவது. நாம் பிடி கொழுக்கட்டை என்கிறோமே, அதே பிடிதான். சுடுசோற்றைக் கையில் எடுத்து, நடுவில் ஏதாவது வைத்து, முக்கோணமாகவோ உருண்டையாகவோ அமுக்கிப் பிடிப்பார்கள். ரயில் பயணம், பள்ளிக்கூடம், வயல் வேலை என எல்லாவற்றுக்கும் அதுதான் அவர்களுடைய கட்டுச்சோறு.

ஒனிகிராஸு என்றால் ‘பிடிக்காதது’. பிடித்து அமுக்கும் வேலை இல்லாமல், தாளில் பரப்பி மடித்துவிட்டால் போதும். காலை அவசரத்தில் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருக்க நேரமில்லாத வீட்டுக்கு ஏற்ற வழி.

இது பரம்பரைப் பலகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். பிறந்த இடம் ஒரு வாரப் பத்திரிகை! ஜப்பானின் ‘மார்னிங்’ வார இதழில் 1985 முதல் ‘குக்கிங் பாப்பா’ என்ற படக்கதைத் தொடர் வந்துகொண்டிருக்கிறது. வரைபவர் உவேயாமா தோச்சி. ஆபீஸ் வேலைக்கும் போய், வீட்டில் வகைவகையாகச் சமைக்கவும் செய்யும் ஒரு அப்பாதான் அதன் ஹீரோ. கதையோடு சமையல் குறிப்பும் வரும். 1990-களின் தொடக்கத்தில் அதில் வந்த குறிப்புகளில் ஒன்றுதான் ஒனிகிராஸு. பிறகு இருபது வருடத்துக்கு மேல் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2014-ம் ஆண்டு வாக்கில் இணையத்தில் சமையல் குறிப்பு பகிர்பவர்கள் அதைத் தூசி தட்டி எடுக்க, ஜப்பான் முழுக்கப் பரவியது. 2015-ல் அந்த நாட்டின் ‘இந்த ஆண்டின் உணவு’ என்று தேர்வாகும் அளவுக்குப் புகழ் பெற்றது.

சோறு எப்படி நிற்கும்?

“நம்ம சோறு உதிரி உதிரியா இருக்குமே, சாண்ட்விச் மாதிரி எப்படி நிக்கும்?” இதுதான் எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம். நியாயமான சந்தேகம்.

அரிசி மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரண்டு வகை உண்டு. அமைலோஸ் அதிகமென்றால் சோறு உதிரும். குறைந்தால் ஒட்டும். ஜப்பானியக் குட்டை அரிசியில் அமைலோஸ் குறைவு. நாம் தினமும் சமைக்கும் புழுங்கல் அரிசியோ நெல்லாக இருக்கும்போதே வேகவைத்துக் காயவைத்தது. அதனால் மணி இறுகியிருக்கும், சோறு உதிரியாக வரும். குழம்பு ஊற்றிப் பிசைய அதுதான் வசதி. ஒனிகிராஸுவுக்கு அது ஆகாது.

அதற்காக ஜப்பான் அரிசி வாங்கத் தேவையில்லை. நம் ஊர் மளிகைக் கடையில் கேட்க வேண்டியது புதுப் பச்சரிசி. வழக்கமாக “பழைய அரிசியா குடுங்க, புதுசு குழையும்” என்றுதானே கேட்போம்? இங்கே அந்தக் குழைவுதான் வேண்டும். தை, மாசியில் அறுவடை முடிந்து கடைக்கு வரும் அரிசி இதற்கு அருமை. பொங்கல் பானையில் அரிசி எப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறதோ, அதில் பாதி ஒட்டினால் போதும்.

இன்னும் பிடிமானம் வேண்டுமா? அதற்கும் நம் மாவட்டத்திலேயே ஆள் இருக்கிறது. திருமயம், ராயவரம், கோனாபட்டு பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் விசேஷத்துக்குச் செய்யும் கவுனி அரிசி. நகரத்தார் பர்மாவில் வியாபாரம் செய்த காலத்தில் அங்கிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கறுப்பு அரிசி. இயல்பிலேயே ஒட்டும் ரகம். பச்சரிசிச் சோற்றோடு கொஞ்சம் கலந்தால் சோறு பிரியாது. இளம் ஊதா நிறமும் கிடைக்கும். கலரைப் பார்த்தே பிள்ளைகள் கையை நீட்டுவார்கள்.

மேலே சுற்ற என்ன?

ஜப்பானில் சுற்றுவது ‘நோரி’. கடலில் வளரும் ஒரு வகைச் சிவப்புப் பாசியை அரைத்து, காகிதம்போல் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்தது. ஒரு தாள் ஏறக்குறைய 19 சென்டிமீட்டருக்கு 21 சென்டிமீட்டர் இருக்கும்.

பாசியைச் சாப்பிடுவதா என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் நோன்புக் காலத்தில் ‘கடல்பாசி’ செய்யாத வீடு அபூர்வம். பால் ஊற்றி, கலர் சேர்த்து, துண்டு போட்டுச் சாப்பிடும் அந்த இனிப்பும் கடற்பாசியில் இருந்து எடுத்ததுதான். நோரி வேறு ரகம். குளிர்ந்த கடலில் வளர்வது. பாக் நீரிணையில் கயிற்றில் கட்டி வளர்க்கிறார்களே, அந்தப் பாசி நோரி ஆகாது. அதில் இருந்து எடுக்கும் பொருள் ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டிப்படுத்தப் போகிறது.

இந்த நோரிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. ஒரு காலத்தில் நோரி எப்படி இனப்பெருக்கம் செய்கிறது என்று ஜப்பானியர்களுக்கே தெரியாது. விளைந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விளைச்சல் மிக மோசமாக விழுந்தது. அப்போது இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த கேத்லீன் ட்ரூ பேக்கர் என்ற தாவரவியல் ஆய்வாளர், இந்தப் பாசி தன் வாழ்வின் ஒரு பருவத்தைக் கடல் சிப்பி ஓட்டுக்குள் கழிக்கிறது என்று 1949-ல் கண்டறிந்து எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு ஜப்பானியர்கள் சிப்பி ஓடுகளில் பாசி விதை வளர்க்கக் கற்றார்கள். அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை. ஆனாலும் ‘கடலின் தாய்’ என்று அங்கே அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று நன்றி சொல்கிறார்கள்.

நோரி இப்போது ஆன்லைனிலும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கிடைக்கிறது. ‘சுஷி நோரி’ என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். உப்பு, காரம் தடவிய நொறுக்குத் தீனி நோரி சின்னதாக இருக்கும், மடிக்க வராது. சில வகைகளில் மீன் சார்ந்த சுவையூட்டி இருக்கலாம் என்பதால், சைவம் சாப்பிடுகிறவர்கள் பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து வாங்குவது நல்லது. பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். மழைக்காலத்தில் ஒரே நாளில் நமுத்துவிடும்.

நோரி கிடைக்கவில்லையா, கடல் வாசனை பிடிக்கவில்லையா? இதோ மாற்று:

* மெல்லிய முட்டை ஆம்லெட். அகலமாக ஊற்றி, இரண்டு பக்கமும் வேகவிட்டு எடுக்க வேண்டும்.

* முட்டைக்கோஸின் பெரிய இலை. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, நடு நரம்பைச் சீவி, ஈரம் துடைத்துப் பயன்படுத்தலாம்.

* தணலில் வாட்டிய வாழை இலை. சாப்பிட முடியாது, பிரித்துத்தான் சாப்பிட வேண்டும். ஆனால், அந்த மணத்துக்கு ஈடு இல்லை.

செய்முறை

தேவையானவை: புதுப் பச்சரிசி - 1 கப் (200 கிராம்), கவுனி அரிசி - 3 டேபிள்ஸ்பூன் (விருப்பப்பட்டால்), தண்ணீர் - 2 கப், உப்பு - முக்கால் டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு - 2 டீஸ்பூன், நோரி - 3 தாள். இதில் மூன்று ஒனிகிராஸு வரும். பாதியாக வெட்டினால் ஆறு துண்டு.

1. கவுனி அரிசி சேர்ப்பதானால் முதல் நாள் இரவே ஊறவையுங்கள். காலையில் தனியாகக் குக்கரில் 5 விசில் விட்டுக் குழைய வேகவையுங்கள்.

2. பச்சரிசியைக் கழுவி 20 நிமிடம் ஊறவைத்து, 2 கப் தண்ணீர் விட்டு 3 விசில் வையுங்கள். கஞ்சி வடிக்கக் கூடாது. ஒட்டும் சத்து அந்தக் கஞ்சியில்தான் இருக்கிறது.

3. சோறு சூடாக இருக்கும்போதே உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்து, கரண்டியின் பின்பக்கத்தால் லேசாக மசியுங்கள். களி ஆகிவிடக் கூடாது. பருக்கை தெரிய வேண்டும். கவுனி இருந்தால் இப்போது கலந்துகொள்ளுங்கள்.

4. எண்ணெய், நெய், தாளிப்பு எதுவும் சோற்றில் சேரக் கூடாது. எண்ணெய் பட்டால் பருக்கைகள் வழுக்கிப் பிரியும். லெமன் சாதத்தில் ஒனிகிராஸு வராததற்குக் காரணம் இதுதான். ருசியெல்லாம் நடுவில் வைக்கும் பூரணத்தில் இருக்கட்டும்.

5. சோற்றைத் தட்டில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க வைத்தால் ஆவி அடித்து நோரி கிழியும்.

6. சுத்தமான வாழை இலையையோ, ஈரம் பிழிந்த வெள்ளைத் துணியையோ விரியுங்கள். அதன் மேல் நோரியை, பளபளப்பான பக்கம் கீழே இருக்க, ஒரு முனை உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். கோலத்தின் டைமண்ட் கட்டம்போல் இருக்கும்.

7. நடுவில் ஒரு கைப்பிடிச் சோற்றை உள்ளங்கை அளவு சதுரமாகப் பரப்புங்கள். கரண்டியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது. அதன் மேல் பூரணம். அதற்கும் மேல் இன்னொரு கைப்பிடிச் சோறு, அதே சதுரத்தில்.

8. இனி நோரியின் நான்கு முனைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து, தபால் கவர் ஒட்டுவதுபோல் மடியுங்கள். அடியில் இருக்கும் இலை அல்லது துணியோடு சேர்த்து இறுக்கிச் சுற்றி, மடிப்பு கீழே இருக்கும்படி 10 நிமிடம் வையுங்கள். சோற்றின் ஈரத்தில் நோரி தானாக ஒட்டிக்கொள்ளும்.

9. கூர்மையான கத்தியைத் தண்ணீரில் நனைத்து, குறுக்கே ஒரே வெட்டு. அடுத்ததை வெட்டும் முன் கத்தியைத் துடைத்து மறுபடி நனையுங்கள்.

உள்ளே என்ன வைக்கலாம்?

விதி ஒன்றுதான். பூரணம் வறண்டு இருக்க வேண்டும். கூட்டு, குருமா, தயிர்ப் பச்சடி எல்லாம் தாளை ஊறவைத்துவிடும். அளவு, ஒன்றுக்கு 2 டேபிள்ஸ்பூன் போதும்.

*முட்டை அடுக்கு:* முட்டையில் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை சேர்த்துக் கெட்டி ஆம்லெட் போட்டு, சதுரமாக வெட்டி வையுங்கள். மேலே கேரட் துருவல். முதல் முறை செய்பவர்களுக்கு இதுதான் சுலபம்.

*வாழைக்காய்ப் புட்டு:* முக்கால் பதம் வெந்த வாழைக்காயைத் துருவி, கடுகு, காய்ந்த மிளகாய், இஞ்சி தாளித்து உதிரியாகப் புரட்டுங்கள். இறக்கும்போது எலுமிச்சைச் சாறு.

*பலாக்கொட்டை மசாலா:* ஆலங்குடி, வடகாடு பக்கம் பலாப்பழ சீசனில் கொட்டைக்குப் பஞ்சமே இருக்காது. வேகவைத்துத் தோலுரித்து மசித்து, சோம்பு, பூண்டு, மிளகாய்த்தூள் சேர்த்துச் சுருளக் கிளறினால், உருளைக்கிழங்கு தோற்றுப்போகும்.

*முந்திரி உருளை:* தஞ்சாவூர் ரோட்டில் ஆதனக்கோட்டையைத் தாண்டும்போது வறுத்த முந்திரி வாங்காமல் வருகிறவர்கள் குறைவு. அதில் ஒரு கைப்பிடியை ஒன்றிரண்டாக உடைத்து, மிளகு, உப்பு போட்டு, மசித்த உருளைக்கிழங்கோடு கலந்து தட்டையாகத் தட்டி வையுங்கள். கடிக்கும்போது கறுக்கென்று முந்திரி அகப்படும்.

*சூரை மீன் புட்டு:* ஜப்பானில் பிள்ளைகள் விரும்பும் ஒனிகிரிகளில் ஒன்று, டூனா மீனும் மயோனைஸும் கலந்தது. அந்த டூனா வகைதான் நம் கடற்கரையில் சூரை. ஜெகதாப்பட்டினம் மீன் வந்தால், மஞ்சள், உப்பு போட்டு வேகவைத்து, முள் பார்த்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், மிளகோடு ஈரம் போகப் புரட்டுங்கள். மயோனைஸ் தேவையே இல்லை.

*மாசிச் சம்பல்:* மாசிக் கருவாடும் சூரை மீனில் செய்ததுதான். அதே இன மீனைப் புகையிட்டுக் காயவைத்து, சீவிச் சீவி ஒனிகிரிக்குள் வைக்கும் வழக்கம் ஜப்பானிலும் உண்டு. இடித்த மாசியை வெறும் சட்டியில் வறுத்து, சின்ன வெங்காயம், மிளகாய் வற்றல், எலுமிச்சைச் சாறு சேருங்கள். காரம் பிடித்த பெரியவர்களுக்கு இது.

*நார்த்தங்காய்:* ஜப்பானியர்கள் ‘உமெபோஷி’ என்ற உப்பில் ஊறிய புளிப்புப் பழத்தைச் சோற்றுக்கு நடுவே வைப்பார்கள். நம் வீட்டு உப்பு நார்த்தங்காய்க்கும் அதே வேலைதான். பொடியாக நறுக்கிக் கால் டீஸ்பூன், உடன் ஏதாவது பொரியல். ருசியே மாறிவிடும்.

*இனிப்புக் கவுனி:* வெந்த கவுனி அரிசிக்கு நடுவில் தேங்காய்த் துருவலும் வெல்லமும் சேர்த்துக் கிளறிய பூரணம். இதற்கு நோரி வேண்டாம். வாழை இலையில் சதுரமாக மடியுங்கள். பள்ளி விட்டு வரும்போது தட்டில் இருந்தால் போதும்.

வெயில் ஊர்... கவனம்!

வெந்த சோற்றிலும் பிழைத்துக் கிடக்கும் கிருமி ஒன்று உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். அடுப்பின் சூட்டில் அதன் வித்துகள் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் பெருகி, வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். எந்த டிபன் பாக்ஸ் சோற்றுக்கும் இது பொருந்தும். முன்னோர் கட்டுச்சோறு என்றால் புளியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிளறியது சும்மா இல்லை. புளிப்பு இருக்கும் இடத்தில் கிருமி சீக்கிரம் வளராது.

எனவே, பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதில் எலுமிச்சை, நார்த்தங்காய் சேர்ந்த காய்கறி வகைகளை மட்டும் வையுங்கள். முட்டை, மீன் வகைகளை வீட்டில் செய்த உடனே சாப்பிடட்டும். முதல் நாள் சோற்றில் செய்யாதீர்கள். பூரணமும் சோறும் ஆறிய பிறகே பாக்ஸை மூடுங்கள்; சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தண்ணீராகிச் சோறு சளசளத்துவிடும். கத்திரி வெயில் நாள்களில் மதியம் வரை வைப்பதைத் தவிர்த்து, காலை டிபனாகவோ இரவு உணவாகவோ வைத்துக்கொள்ளலாம். கரண்டியால் பரப்புவதால் இதில் வெறுங்கை படும் வேலை குறைவு. அந்த வகையில் இது உருட்டிப் பிடிப்பதைவிடச் சுத்தம்.

முதல் தடவை சொதப்பினால்...

வெட்டும்போது சோறு உதிர்ந்தால், அரிசி பழையது அல்லது மசித்தது போதவில்லை. நோரி ஓரம் பிரிந்தால், சோறு அதிகம். அடுத்த முறை குறையுங்கள். பூரணம் பிதுங்கினால், ஓரத்தில் ஒரு விரல் அளவு இடம் விட்டு வையுங்கள். நோரி ரப்பர்போல் இழுத்தால், அடுத்த முறை மடிக்கும் முன் தோசைக்கல்லில் சில நொடிகள் காட்டி எடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கடிக்கச் சிரமமாக இருந்தால் நோரிக்குப் பதில் ஆம்லெட் சுற்றுங்கள்.

எதுவுமே சரியாக வரவில்லையா? அப்படியே தட்டில் கொட்டிப் பிசைந்துவிடலாம். சோறும் பொரியலும்தானே, எங்கே போகப் போகிறது?

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு அடுப்படியில் முதல் ஒனிகிராஸு வெட்டுப்படும்போது, ஒரு துண்டு அப்பத்தா கைக்கும் போகும். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பழைய நாளில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, ஒரே சட்டிச் சோற்றைப் பிசைந்து, ஆளுக்கு ஓர் உருண்டையாகப் பிடித்துக் கையில் வைத்தவர் அவர். ஒரு கடி கடித்துவிட்டு, “இதுக்குப் போயி காகிதம் எதுக்கு? நான் உருட்டிக் குடுத்தா ஆகாதா?” என்பார்.

சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டையும் எடுப்பார்.